குறிக்குக் கீழே ஒரு கோடு

“இதுவரைக்கும்” என்கிற வார்த்தையை அந்த அக்கா சொன்ன அளவுக்கு வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சௌக்கியமா என்று விசாரித்தால் “இதுவரைக்கும்” என்பார். பசுவந்தனை பஸ் சரியான நேரத்துக்கு வந்துவிடுமா என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டால் “இதுவரைக்கும் வந்திருக்கு” என்பார். புதுச் செருப்பு கடிக்கிறதா என்று கேட்டாலும் அதே பதில்தான். முதலில் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். பிறகு படித்த திமிர் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை என்று எனக்குப் பிடிபடுவதற்கு ஒரு வருஷம் ஆனது.

கோவில்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ், டிடிபி என்று போர்டு மாட்டிக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு லெட்டர் பேடு, கல்லூரிப் பிள்ளைகளுக்குப் ப்ராஜக்ட். கணக்குக் குறிகள் அடிப்பதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. அதை நான் பழகி வைத்திருந்தேன். சுற்று வட்டாரத்தில் அது தெரிந்த ஆள் குறைவு. அதைக் கேள்விப்பட்டுத்தான் அக்கா வந்தார்.

ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் அவர் கணக்கு விரிவுரையாளர். நாற்பதை நெருங்கும் வயது. காட்டன் சேலை, முழங்கை வரை ரவிக்கை, பின்னலுக்குள் செருகிய கட்டைப் பென்சில். பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க அவர் கையெழுத்து. மறுபக்கம் முழுக்கப் பச்சைக் கிளிகள்.

“மேடம், இது தீப்பெட்டி லேபிள்லா?”

“ஆமா. அச்சுல கலர் நகண்டு போன ஷீட்டு. எங்க ஊர்க்காரர் ஒருத்தர் தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்காரு, கட்டுக் கட்டாக் குடுப்பாரு. நீங்க கிளியப் பாக்காதீங்க, இந்தப் பக்கம் பாருங்க.”

இந்தப் பக்கத்தில்தான் பிரச்சினை. கொக்கி போட்ட ஓர் எழுத்து வரிக்கு வரி வந்தது. கிரேக்க எழுத்து என்று தெரியும். முப்பது பக்கத்தையும் அடித்து அடுத்த சனிக்கிழமை கொடுத்தேன். நின்றபடியே முதல் பக்கத்தை வாசித்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“நீங்க அடிச்சிருக்கது க்ஸை. நான் எழுதுனது ஜீட்டா. ஒத்தக் கொக்கி ஜீட்டா, ரெட்டைக் கொக்கி க்ஸை. ரெண்டு பேரும் இதே கதையில வர்றவங்கதான். ஆள மாத்திட்டீங்க.”

திட்டவில்லை. பென்சிலைப் பின்னலிலிருந்து உருவி ஒவ்வோர் இடத்திலும் சின்னதாகச் சுழித்துக் கொடுத்தார். அன்று முழுக்க அதைத் திருத்தினேன். அதற்குப் பிறகு அவர் எழுத்தில் ஒரு புள்ளி விட்டாலும் என் கண்ணுக்குத் தட்டுப்பட ஆரம்பித்துவிட்டது. அர்த்தம் தெரியாமலே ஒரு வீட்டு ஆட்களின் முகஜாடை பழகிப்போவதைப் போல.

அவர் செய்துகொண்டிருந்தது முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பகுதி நேரப் பதிவு. எதைப் பற்றி என்று ஒருநாள் கேட்டேன். கல்லூரியில் கேட்பவர்களிடம் “காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ்” என்று முடித்துவிடுவாராம். என்னிடம் அப்படி முடிக்கவில்லை.

“நமக்குத் தெரிஞ்ச எண்ணெல்லாம் ஒரு ஒத்தையடிப் பாதை மாதிரி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நடுவுல பின்னம், அம்புட்டும் அந்தப் பாதையிலதான் நிக்கும். கலப்பெண்ணுன்னு சொல்லுதோம்லா, அது பாதைக்கு ரெண்டு பக்கமும் விரிஞ்சு கெடக்கிற காடு. அந்தக் காடு பூரா ஜீட்டாவுக்கு ஒரு மதிப்பு உண்டு. சில எடத்துல மட்டும் மதிப்பு ஒண்ணுமில்லாமப் போயிரும். அந்த எடத்தைப் பூச்சியம்னு சொல்லுவோம். இதுவரைக்கும் பாத்த முக்கியமான பூச்சியமெல்லாம் ஒரே நேர்கோட்டுல, அளவெடுத்து ஊண்டுன மாதிரி நிக்குது. எல்லாமே அந்தக் கோட்டுலதான் நிக்கும்னு ஒருத்தர் நூத்தம்பது வருசத்துக்கு முன்னாலயே சொல்லிட்டாரு. சொன்னாரே தவிர நிரூபிக்கல. இன்னும் யாரும் நிரூபிக்கல.”

லெட்டர் பேடு வாங்க வந்திருந்த தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எத்தனை பூச்சியம் பாத்திருக்காவ?”

“கோடி கோடியா, அண்ணாச்சி. கம்ப்யூட்டர் வச்சுப் பாத்துட்டாங்க.”

“எல்லாம் கோட்டுலதான் நிக்குதா?”

“எல்லாம்.”

“பொறவு என்ன? நான் ஒரு லோடு குச்சி எறக்குனா, அங்கன இங்கனன்னு பத்துக் கட்டு எடுத்து உரசிப் பாப்பேன். பத்தும் பத்துச்சுன்னா லோடு நல்ல லோடு. கோடி பாத்த பொறவும் நம்பலைன்னா எப்படிம்மா?”

“நீங்க லோடு எறக்கலாம், அண்ணாச்சி. உங்க லோடுக்கு ஒரு முடிவு உண்டு. இதுக்கு முடிவே கெடையாது. இதே மாதிரி இன்னொரு ஊகம் இருந்துச்சு. பாத்த எடமெல்லாம் சரியா வந்துச்சு. கடைசியில தப்புன்னு நிரூபிச்சுட்டாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, அது தப்பாப் போற எடத்தை இன்னைக்கு வரைக்கும் யாரும் கண்ணால பாக்கல. அம்புட்டு தூரத்துல இருக்கு.”

அண்ணாச்சி லெட்டர் பேடைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “இவிய வீட்ல ஒரு காரியம் முடிவாகுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டில் காரியம் முடிவாவது கஷ்டம்தான். அக்காவின் அப்பாவுக்குப் பசுவந்தனையில் வானம் பார்த்த மானாவாரிக் காடு. ஐப்பசி பிறந்தால் தினமும் காலையில் மகளிடம்தான் வருவாராம். அவளிடம்தானே போன் இருக்கிறது, வானிலை பார்க்கத் தெரியும். “இன்னைக்கு விதைக்கவா, வேண்டாமா?” என்பார். அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “பெய்யலாம்னு போட்டிருக்கு. பெய்யுமான்னு எனக்குத் தெரியாதுப்பா” என்பார். “இதச் சொல்லவா ஒனக்கு இத்தன வருசப் படிப்பு?” என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவாராம். இதை அக்காவே நடித்துக் காட்டுவார், துண்டு உதறுவது உட்பட.

இந்தக் குணத்தால் அவர் சம்பாதித்த பகைகளும் உண்டு. அவர் தெருவில் ஒரு பையனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டிலிருந்து விசாரிக்க வந்தவர்கள், படித்தவர், பொய் சொல்ல மாட்டார் என்று நேராக அக்காவிடமே வந்து கேட்டிருக்கிறார்கள்.

“பையன் எப்படிம்மா?”

“நான் பாத்த வரைக்கும் நல்ல பையன்.”

“பாக்காததுல?”

“பாக்காததுல என்னன்னு பாக்காம எப்படிச் சொல்லுதது?”

அவ்வளவுதான். வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். இவள் எதையோ மறைக்கிறாள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு அந்தச் சம்பந்தத்தைக் கைவிட்டார்கள். பையனின் அம்மா தெருவில் நின்று கத்தியிருக்கிறார். அக்கா இதை என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. “நான் சொன்னதுல தப்பு இல்லட்டி. ஆனா கல்யாணத்துக்கு விசாரிக்க வந்தவங்ககிட்ட நல்ல பையன்ங்கதோட நிறுத்தியிருக்கணும். அவங்க கேட்டது நிரூபணம் இல்ல. அது எனக்கு ஒறைக்கவே இல்ல” என்றார். அந்த அம்மாவின் வீட்டுக்குத் தானே போய் மன்னிப்புக் கேட்டார். ஒரு வருஷம் கழித்துத்தான் அந்த அம்மா பேசினார். அதற்குள் பையனுக்கு விளாத்திகுளத்தில் வேறு பெண் அமைந்து கல்யாணமும் ஆகியிருந்தது. அக்கா முதல் ஆளாகப் போய் மொய் எழுதினார்.

ஏட்டி என்று, தங்கையைக் கூப்பிடுவதுபோல, எப்போதிருந்து என்னைக் கூப்பிட ஆரம்பித்தார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அநேகமாக என் மகளுக்கு டெங்கு வந்த பிறகு. அப்போது அவளுக்கு எட்டு வயது. ஆஸ்பத்திரியில் தினமும் ரத்தம் எடுத்துத் தட்டணுக்களை எண்ணிச் சொல்வார்கள். மூன்று நாள் தொடர்ந்து இறங்கியது. பார்க்க வந்த எல்லோரும் “ஒண்ணும் ஆகாது” என்றார்கள். என் மாமியார் சொன்னார், நர்ஸ் சொன்னார், பழம் வாங்கி வந்த பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். கேட்கும்போது தெம்பாக இருக்கும். அவர்கள் படியிறங்கியதும் ரத்தப் பரிசோதனைச் சீட்டை மறுபடியும் எடுத்துப் பார்ப்பேன். நான்காம் நாள் காலை பத்து மணிக்கு அக்கா வந்தார். கல்லூரிக்கு லீவு போட்டிருந்தார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டேன். “பிள்ளைக்குச் சரியாயிரும்னு சொல்லுங்கக்கா.”

அவர் வாய் திறந்தது. பிறகு மூடியது. அந்த வாக்கியத்தைச் சொல்ல அவர் எவ்வளவு முயன்றார் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

“எனக்குத் தெரியாதுட்டி” என்றார். “நாளைக்குக் காலையில வாரேன். அது தெரியும்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பொய் சொன்னால் என்ன கெட்டுவிடும்? முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார். என் மாமியாரைக் குளிக்க அனுப்பிவிட்டுச் சாயங்காலம் வரை பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டபோது, “ரெண்டு நாளா ஏறியிருக்கு” என்று மட்டும் சொன்னார். மகள் வீட்டுக்கு வந்த அன்றுதான் அவர் கண் கலங்கிப் பார்த்தேன். அந்த ஒரு வாரத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். இன்றைக்கு யோசித்தால், உறுதியாகத் தெரிந்து எனக்குச் சொல்லப்பட்டது அவர் வருவேன் என்று சொன்னது ஒன்றுதான்.

ஆராய்ச்சி நான்கு வருஷம் ஓடியது. அவர் எடுத்துக்கொண்டது ஜீட்டாவைப் பற்றிய அந்தப் பெரிய கேள்வியை அல்ல. “அத நான் தொட முடியாது. ஜீட்டாவுக்கு ஒறவுக்காரங்க நெறையப் பேர் உண்டு. அவங்கள்ல ஒரு குடும்பத்தை எடுத்திருக்கேன்” என்பார். அந்தக் குடும்பத்துச் சார்புகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கு வலது பக்கம் பூச்சியமே கிடையாது என்று அவர் நிரூபித்திருந்தார். அதை வைத்து ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பெரிய தேற்றம். ஆய்வேட்டின் உயிரே அதுதான் என்று அவருடைய நெறியாளர் சொல்லியிருந்தார்.

கல்லூரியில் அப்போது கெடுபிடி. அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காதவர்களுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரே அவசரம். மாசி மாதம், நல்ல வெயில். பைண்டிங்குக்குப் போவதற்கு முன்னால் கடைசிப் பிரதி. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து சான்றிதழ்ப் பக்கம், நன்றிப் பக்கமெல்லாம் சரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் குறிகளை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

“அக்கா, ஒரு சின்ன விசயம். அறுபத்தோராம் பக்கத்துல ‘பெரியது’ குறிக்குக் கீழ கோடு இல்ல. எண்பத்து மூணுல அதே வரி திரும்ப வருது, அதுல கீழ கோடு இருக்கு. எது சரின்னு சொல்லுங்க, ரெண்டையும் ஒண்ணு போல ஆக்கிருதேன்.”

“எங்க காமி.”

காட்டினேன். அறுபத்தொன்றைப் பார்த்தார். எண்பத்து மூன்றைப் பார்த்தார். பென்சிலை எடுக்கவில்லை. மறுபடியும் அறுபத்தொன்றுக்குப் போகச் சொன்னார். இரண்டு பேர் வந்து ஜெராக்ஸ் எடுத்துப் போனார்கள். அவர் அசையவே இல்லை.

“டைப்பிங் மிஸ்டேக்காக்கா?”

“இல்லட்டி. எம் மிஸ்டேக்கு.”

பிறகு நிதானமாகச் சொன்னார். “வரப்புக்கு அந்தப் பக்கம் பாம்பு இல்லைன்னு காமிச்சிருக்கேன். வரப்பு மேலயே இல்லைன்னு காமிக்கல. ஆனா அஞ்சாம் அத்தியாயம் பூரா வரப்பு மேலதான் நடந்து போயிருக்கேன்.”

கீழே ஒரு கோடு இருந்தால் ‘பெரியது அல்லது சமம்’. இல்லாவிட்டால் வெறும் ‘பெரியது’. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். அந்தச் சமம் என்கிற ஒன்றுக்கு அவரிடம் நிரூபணம் இல்லை. அந்தச் சமம் இல்லாவிட்டால் பெரிய தேற்றம் நிற்காது.

பத்து நாள் முயன்று பார்த்தார். கிளி ஷீட் கட்டுக் கட்டாகக் காலியானது. முடியவில்லை. நெறியாளரிடம் போனார். அவரும் மோசமான மனிதர் இல்லை. “தேற்றம் அநேகமா சரியாத்தான் இருக்கும்மா. பரிசோதிக்கிறவங்க அந்தக் கோட்டையா பாக்கப் போறாங்க? இப்ப குடுத்திருங்க, வேலை நிக்கட்டும். அப்புறமா நிதானமா நிரூபிச்சு ஒரு கட்டுரையாப் போட்டுரலாம்” என்று சொல்லியிருக்கிறார். உடன் வேலை பார்ப்பவர்களும் அதையே சொன்னார்கள். அப்பா துண்டைக் கூட உதறாமல், “ஒரு கோட்டுக்காகவா?” என்று கேட்டாராம்.

நானும் சொன்னேன். எனக்குத் தூக்கம் போயிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் பைண்டிங் முடிந்து தங்க எழுத்துகளோடு அட்டை வந்திருக்கும்.

“அக்கா, நான் கேட்டதை மறந்துருங்க. நீங்க பாக்கவே இல்லைன்னு வச்சுக்கோங்க.”

“பாத்துட்டேனே.”

“ஒங்களுக்கும் எனக்கும்தான தெரியும்?”

“ரெண்டு பேரு போதாதாட்டி?”

இதை அவர் வீரமாகச் சொல்லவில்லை. உதடு வறண்டு, கண்ணைச் சுற்றிக் கருத்துப் போயிருந்தது. பயந்துபோய்த்தான் இருந்தார். அப்பாவின் காடு அந்த வருஷம் மழையில்லாமல் போயிருந்தது. வீட்டில் நிச்சயமான வருமானம் என்றால் அவருடைய சம்பளம்தான். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அஞ்சாம் அத்தியாயத்தை எடுத்துரு” என்றார். நான் எடுத்தேன். நாற்பத்தாறு பக்கம். ஒரு பொத்தானை அமுக்கினால் போய்விடுகிறது.

அது இல்லாத ஆய்வேட்டில் நெறியாளர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். வைகாசியில் கல்லூரி வேலை போனது. விளாத்திகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப் போனார். பழைய ஸ்கூட்டி ஒன்றில், இரண்டு பக்கமும் வற்றல் காயப் போட்டிருக்கும் ரோட்டில் தினமும் போய் வந்தார். கடைக்கு வரும்போது சேலையில் மிளகாய் நெடி அடிக்கும். எனக்குத் தும்மல் வரும். அவர் சிரிப்பார். நான் ஒருநாள் அழுதுவிட்டேன், என்னால்தான் எல்லாம் என்று.

“கோட்டிக்காரி மாதிரிப் பேசாத” என்றார். “நாலு வருசமா இத எத்தனை பேரு வாசிச்சாங்க தெரியுமா? நெறியாளர் வாசிச்சாரு. கமிட்டியில ரெண்டு பேரு வாசிச்சாங்க. நானே நூறு தடவை வாசிச்சிருக்கேன். எங்க எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். அதனால கோட்டைப் பாக்கல. நீ ஒருத்திதான் பாத்தது.”

இரண்டரை வருஷம் ஆனது. புதிதாக ஓர் ஐந்தாம் அத்தியாயம் எழுதினார். வரப்பு மேல் கால் வைக்காத அத்தியாயம். முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. எவ்வளவு தூரம் தெரியுமோ அவ்வளவு தூரம் போய், இதற்கு மேல் தெரியாது என்று எழுதி நிறுத்தியிருந்தார். “இதுக்குத்தான் இத்தனை கஷ்டமா?” என்று கேட்டார் நெறியாளர். ஆனாலும் இந்தத் தடவை கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வு பல்கலைக்கழகத்தில். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றார் அக்கா. கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். நல்ல சேலை கட்டியிருந்தார். பின்னலில் பென்சில் இல்லாதது எனக்கு என்னவோபோல் இருந்தது. முக்கால் மணி நேரம் பேசினார். திரையில் என் கையால் அடித்த ஜீட்டாக்கள் வரிசையாக வந்து போயின. வடக்கிலிருந்து வந்திருந்த தேர்வாளர், தலை முழுக்க நரைத்த தமிழர், இரண்டு மூன்று கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் அக்கா பதில் சொன்னார். ஐந்தாம் அத்தியாயம் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. சின்ன அத்தியாயம்தானே. கடைசியில் நெறியாளர் எழுந்து, “பார்வையாளர்களில் யாருக்காவது கேள்வி உண்டா?” என்று வழக்கம்போலக் கேட்டார். யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவர் கை அதற்குள் கோப்பை மூட ஆரம்பித்திருந்தது.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. எந்த ஓர் இடத்துக்காக இந்தப் பெண் வேலையை இழந்தாரோ அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசப்படாமல் இது முடிந்துவிடப் போகிறதே என்று பொறுக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

“மேடம், அந்தக் கோட்டுக்கு வலது பக்கம் பூச்சியம் இல்லைன்னு சொல்லிட்டீங்க. கோட்டு மேலயே என்ன நடக்குது?”

ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என்னையே பார்த்தார். அவர் முகம் மெதுவாக மலர்ந்தது.

“அது எனக்குத் தெரியாது” என்றார். ஒளிவு மறைவில்லாமல், சத்தமாக. “மூணு வருசமா முயற்சி பண்ணியும் தெரியல. அந்தக் கேள்வியாலதான் இந்த அத்தியாயம் இவ்வளவு சின்னதா இருக்கு.”

நரைத்த தலைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். ஆய்வேட்டைப் பிரித்துப் பக்கம் தேடினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, “எனக்கும் தெரியாது” என்றார். என் பக்கம் திரும்பினார். “நல்ல கேள்வி. நீங்க எந்தக் காலேஜ்?”

“டிடிபி கடை, சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே பென்சிலால் அந்தப் பக்கத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

பட்டம் கிடைத்தது. அதற்கு அடுத்த வருஷம் தூரத்து மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் வேலையும் கிடைத்தது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என் கடையில் ஐந்து நிமிஷம்தான் நின்றார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதன்பிறகு மாதம் ஒருமுறை போனில் பேச்சு, பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்று குறைந்தது. இந்தச் சந்தில் இப்போது மூன்று டிடிபி கடைகள். கணக்குக் குறி அடிக்கக் கேட்டு யாரும் வருவதில்லை. பிள்ளைகள் தாங்களே அடித்துக்கொள்கிறார்கள்.

போன கார்த்திகையில் ஒரு புதன்கிழமை முற்பகல். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் கடை முழுக்க விவசாயம் பார்க்கும் சம்சாரிகள். பயிர்க் கணக்குக் காட்டும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் என்று ஜெராக்ஸ் மெஷின் சூடேறிப் போயிருந்தது. போன் அடித்தது.

“ஏட்டி, கடையில இருக்கியா?”

“இருக்கேன்க்கா. ஒரே கூட்டம்.”

“அப்ப வச்சிரவா?”

குரலில் என்னவோ இருந்தது. மெஷினை நிறுத்தினேன். “சொல்லுங்கக்கா.”

“கோட்டு மேல ஒண்ணு இருக்குட்டி.”

“என்னது?”

“பூச்சியம். அந்தக் குடும்பத்துல ஒருத்தன், யாருமே கண்டுக்காத ஒரு சின்னப்பய, அவனுக்கு ஒரு பூச்சியம் அந்தக் கோட்டு மேலயே உக்காந்திருக்கு.”

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. “அப்ப அன்னைக்கு அப்படியே பைண்டிங் பண்ணிக் குடுத்திருந்தா?”

“அந்தப் பெரிய தேற்றம் தப்பு. எம் பேரு போட்டு, பைண்டிங் போட்டு, பல்கலைக்கழகத்து அலமாரியில தப்பு நின்னுருக்கும்.”

“நிச்சயமாக்கா?”

“நிச்சயம்.”

அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வகுப்புக்கு மணியடித்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தார்.

அடங்கலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சம்சாரி ஒருவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, வீட்ல எதும் விசேசமா?”

“எங்க அக்காவுக்கு ஒரு பூச்சியம் கெடைச்சிருக்கு, அண்ணாச்சி.”

“பூச்சியமா?” அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். “அது கெடைச்சதுக்கா இம்புட்டுச் சந்தோசம்?”

“ஆமா” என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடையில் நின்றவர்களைத் தலை எண்ணினேன். எதிர்க் கடைக்காரரைப் பார்த்து, ஒன்பது டீ என்று விரலைக் காட்டினேன்.